வந்தால் மதி

ஜூலை 9, புதன்
காற்று. தூறல். காயப்போட்ட துணி உள்ளே, வெளியே, மறுபடியும் உள்ளே.
சப்சென்டர் சிஸ்டர், மலையாளத்து நர்ஸ், கொடுத்த நோட்டு இது. வீட்டுக்காரர் செத்துப் பதினோரு மாதம், இன்னும் தூக்கம் வருவதில்லை என்றேன். "டெய்லி மூணு காரியத்துக்கு நன்றி எழுதணும் சேச்சி. ஜீவிதத்துல ஒரு திருப்தி வரும்" என்றாள். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.
நன்றி.
1. கொழுந்தனார். அண்ணன் போன பிறகும் அண்ணியை வீட்டில் வைத்திருக்கிறார்.
2. செல்வி, அவர் பெண்டாட்டி. சுடுசோறு போடுகிறாள்.
3. கட்டில். தேங்காய் போடும் அறையில். அதுவும் இவர்கள் கொடுத்தது.

ஜூலை 10, வியாழன்
நேற்று எழுதியதேதான். 1, 2, 3.
பக்கத்து வீட்டம்மா வந்தாள். "இப்படி ஒரு கொழுந்தன் ஆருக்குக் கண்ணு அமையும்? குடுத்து வெச்சவ நீ." தலையாட்டினேன். பதினோரு மாதமாகத் தலையாட்டிக் கழுத்து வலி.
கஞ்சிக்கோட்டில் பெண்கள் ஹாஸ்டலுக்குச் சமையல் ஆள் வேண்டுமாம். தங்க இடம் உண்டு. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போய்க் கேட்டு வந்தேன். என் போன் கெட்டுக் கிடக்கிறது, செல்வி நம்பர் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் தெரியும்.

ஜூலை 11, வெள்ளி
போன் வந்ததாம், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது. செல்வி உடுமலைப் பக்கத்துப் பெண். இந்த மலையாளச் சீமைக்கு வாக்கப்பட்டு வந்தும் மலையாளம் இன்னும் பிடிபடவில்லை.
"அந்த ஹாஸ்டல் மேட்ரன் பேசுனாங்கக்கா. மதின்னுட்டாங்க."
மதி. மலையாளத்தில் போதும் என்று. வேறு ஆள் கிடைத்துவிட்டது போல.
"போனாப் போவுதுங்கக்கா. இங்க என்ன கொறை?"
நன்றி எழுதவில்லை.
தேங்காய் மூட்டைக்குப் பின்னால் அவர் சட்டை ஒன்று. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் வாசம்தான்.

ஜூலை 12, சனி
மத்தியானம் இன்னொரு டீ குடிக்க ஆசை. கேட்கவில்லை. காலையில்தான் குடித்தேன்.
அவர் இருந்தபோது இந்த வீட்டில் ஒருத்தருக்கும் நன்றி சொன்னதில்லை. அவருக்கும் சொல்லவில்லை. தோன்றியதே இல்லை. திருப்தியாகத்தான் இருந்தேன். தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட வருவார். மலையாளத்துக்காரி மாதிரி மதி மதி என்று தட்டை மறைப்பேன். சிரிப்பார்.
மாத்திரை போட்டாச்சு.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். செல்வி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். வைத்துக்கொண்டே,
"அந்த மேட்ரன் பாட்டுப் படிக்கறாப்பல பேசுனாங்கக்கா. திங்களாழ்ச்ச வந்நால் மதி, வந்நால் மதின்னு ரெண்டு வாட்டி."
சட்டென்று திரும்பினேன். எண்ணெய் கண்ணில் வழிந்தது.
திங்கட்கிழமை வந்தால் போதும். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரச் சொல்லியிருக்கிறார்கள்.
விளக்கிச் சொன்னதும் செல்வி அழுதாள். "வேணும்னு பண்ணலைங்கக்கா." தெரியும்.
மத்தியானச் சாப்பாட்டில் கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன்.
"இங்க என்னங்க அண்ணி கொறை வெச்சோம்?"
"கொறை ஒண்ணும் இல்லீங்க."
"அப்பறம்? ஊருல என்னைய என்ன பேசுவாங்க?"
குறை இருந்தால் சொல்லியிருப்பேன். நன்றி என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொன்னால் இங்கேயேதான் கிடக்க வேண்டும்.
செல்வி சோறு போட்டாள். இன்னும் போட்டாள். "போதுங்களாக்கா?"
தட்டின் மேல் கையை வைத்தேன்.
"மதி" என்றேன்.

ஜூலை 14, திங்கள்
வானம் மூடாக்கு. இரண்டு சேலை, மாத்திரை, அவர் சட்டை. பையில் இடம் மிச்சம்.
கொழுந்தனார் வண்டியைக் கிளப்பி வாசலில் நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறுங்க, சித்தூர் ஸ்டாண்டுல உடறேன்." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
நன்றி.
1. கொழுந்தனார், ஸ்டாண்டு வரைக்கும்.
2. செல்வி, கட்டிக் கொடுத்த தயிர்சோறு.
3. பஸ் கிளம்பட்டும், எழுதுகிறேன்.