கை பேசவும் லைன் வேண்டும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

மகள் ஷாந்தினி சுங்கை ஊடாங்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். வீடியோவில் அழைத்தேன். காது கேட்காதவளிடம் வேறெப்படிப் பேசுவது? அவள் படித்தது மலாய், எனக்கு எழுத வருவது தமிழ். எங்களுக்குள் கைதான் மொழி. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று திட்டிக்கொண்டிருந்தபோது படம் நின்றுவிட்டது, அவள் கண் மூடியபடி. கோபம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், நான் திட்டுவது 'கேட்காமல்' இருக்க. இது கோபமா, லைன் போனதா? யாரிடம் கேட்பது?

19 ஜனவரி

இன்றும் நின்றது. ஒன்றும் பேச முடியவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

எங்கள் தோட்டக் குடியிருப்புக்கு போன் டவர் கேட்டு நாங்கள் போட்ட மனு தள்ளுபடி. அதிகாரி போன் போட்டு "லைன் இருக்கா?" என்றாராம். கோயில் தலைவர் மணியம் அண்ணன் "இருக்கு" என்றுவிட்டார்.

"அவரு பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது அவருக்குக் கேக்குது. அப்ப லைன் இருக்குதானேலா?"

சிரிப்பதா, அழுவதா?

23 பிப்ரவரி

மெர்லிமாவ் டவுனில் கடை வைத்திருக்கும் அபூபக்கர் பாயிடம் புலம்பினேன். "அம்பது வீட்டுக்கு டவர் வச்சா எந்தக் கம்பெனிக்கும்மா கட்டுப்படியாகும்? கவர்மென்ட் போட்டாலும் நம்ம வரிதானே. அந்தக் காசுல ரோடு போடலாம்லா" என்றார்.

ரோடும் வேண்டியதுதான். ஆனால் தண்ணீரும் கரண்டும் லாபம் பார்த்தா எங்கள் தோட்டத்துக்கு வந்தன? கம்பெனிக்குக் கட்டுப்படியாகாததைச் செய்யத்தானே கவர்மென்ட்? அங்கே வாயில் வரவில்லை, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். புறப்படும்போது "பாப்பாவுக்குக் குடும்மா" என்று பேரீச்சம்பழம் கொடுத்தார். நல்ல மனுஷர்.

6 மார்ச், வியாழன்

மணியம் அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அதிகாரியை நேரில் கூட்டி வந்துவிட்டார். மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. அவர் முன்னாலேயே மகளை அழைத்தேன். வந்தாள், கையைத் தூக்கினாள், அப்படியே நின்றுபோனாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"தெரியலையே" என்றேன்.

போனை வாங்கி, படம் நகருமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

21 செப்டம்பர்

கவர்மென்ட் செலவில் டவர் வந்துவிட்டது. "உங்க வரியும் இதுல இருக்கு பாய், ரொம்ப நன்றி" என்றேன். "அப்ப நல்லாப் பேசு" என்றார். முகம் தெரியாத எத்தனை பேரின் காசு. எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

28 செப்டம்பர், ஞாயிறு

ஷாந்தினியோடு பெரிய சண்டை. நைட் ஷிப்ட் வேண்டாம் என்றேன். 'என் வேலை, என் இஷ்டம்' என்று விரல்கள் பறந்தன. நானும் விடவில்லை. சட்டென்று அவள் முகம் அசையாமல் நின்றது, கண் மூடியிருந்தது.

ஐயோ, மறுபடியும் நின்னுபோச்சா?

இல்லை. காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. கோபம்தான். என் தாயே, கோபமேதான்.

அவள் கண் திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.