சாணுக்கு ஒரு விரல்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் உன் தங்கச்சி புறக்கடையில் கொட்டமுத்து காய்ச்சுகிறாள். வறுத்து இடித்த முத்து கொதிக்கிற வாசம் பட்டறைக்குள் வந்ததும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அது விளக்கெண்ணெய் வாசம். எனக்கு அது காரியின் வாசம். சூடான பித்தளையில் விளக்கெண்ணெய் பட்டு, அதன்மேல் ஆவியும் பட்டால் எழும்புமே, அதே வாசம்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ இருந்தபோதே உனக்கு வந்த கடுதாசிகளை நான்தான் வாசித்துக் காட்டினேன், நடுவில் இரண்டு வரி சொந்தமாகவும் சேர்த்து. இதை அங்கே யாரைப் பிடித்து வாசிக்கச் சொல்வாயோ தெரியவில்லை. மூன்றாம் வகுப்புவரை போனவனாகப் பார்த்துப் பிடி. அவனுக்குத்தான் என் எழுத்து விளங்கும்.

உன் தங்கச்சியைக் கட்டிய புதிதில், இனிமேல் உன்னை 'நீங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்று அவள் எனக்குக் கட்டளை போட்டாள். இரண்டு நாள் போட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் உன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாய். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

காரி யாரென்று இந்தக் கடுதாசியை வாசிக்கிறவன் கேட்பான், சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் அணை கட்டியபோது கல் இழுக்க ஒரு குட்டி ரயில் ஓடியது. பெரிய ரயிலின் தண்டவாளத்தில் பாதி அகலம்கூட அதற்குக் கிடையாது. அதில் ஒரு என்ஜினை ஓட்டியவன் நீ. கருப்பாக இருந்ததால் மாட்டுக்கு வைக்கிற மாதிரி அதற்குக் காரி என்று பேர் வைத்தாய். அணை வேலை முடிந்ததும் காரியைக் கழற்றி எங்கோ ஏற்றிக்கொண்டு போனார்கள். நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாய்.

வேலை இல்லை. கோலார் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள், தைப்பொங்கல் கழிந்ததும் போகிறேன் என்றாய். உன் தங்கச்சி அன்று சோறு ஆக்கவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான். நான் வழக்கம்போலச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

சேலத்தில் ஆயில் என்ஜின் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் போய்க் கேட்டாய். அங்கிருந்த மேஸ்திரி, படித்த காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், அப்படியானால் உனக்கு வேலை தெரியும் என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். நீ திரும்பி வந்து என் உலைக்கு முன்னால் உட்கார்ந்தாய்.

"மாப்ள, அவருக்குக் காயிதம் வேணுமாமா. எங்கிட்ட இருக்கற காயிதம் காரி ஒருத்திதான். அவளையே சின்னதாச் செஞ்சு கொண்டுபோய்க் காட்டலாமா?"

பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. சரி என்றேன். அண்டாவும் குடமும் அடிக்கிறவனுக்கு ஒரு என்ஜின் அடிப்பதா பெரிது என்று வாய்ச்சவடால் வேறு விட்டேன்.

காரியைக் கழற்றுவதற்கு முன்பே நீ ஒவ்வொரு இடத்தையும் சாண் வைத்து அளந்து, பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாய். கொப்பரை நீளம் எட்டுச் சாண், அகலம் மூன்று சாண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். ஒரு சாணுக்கு ஒரு விரற்கடை என்று கணக்கு வைத்துக்கொண்டோம். அடி அங்குலம் எல்லாம் நமக்கு எதற்கு? சக்கரமும் சட்டமும் இருபக்கத் தண்ணீர்த் தொட்டிகளும் உன் பாகம். தண்ணீர் கொதிக்கிற செம்புக் கொப்பரை என் பாகம். சக்கரத்தை மணலில் அச்சுப் பிடித்து வார்த்தாய். ஆவி தள்ளுகிற உருளைக்கு என் சைக்கிள் பம்பை என்னைக் கேட்காமலே அறுத்தாய்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது இரண்டு பாகத்தையும் சேர்த்து வைத்தோம். கொப்பரை தொட்டிகளுக்கு நடுவில் இறங்கவே இல்லை. எருமையை ஆட்டுப்பட்டிக்குள் விட்ட மாதிரி மேலே நின்றது. நீ அளந்தாய், மூன்று விரலுக்கு மேலே போகிறது என்றாய். நான் அளந்தேன், சரியாக மூன்று விரல். பிறகுதான் இருவரும் கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உன் விரல் வெண்டைக்காய் மாதிரி ஒல்லி. என்னுடையது சிறு வயதிலிருந்து சுத்தியல் பட்டுச் சப்பையான விரல்.

உன் விரலைக் கேலி செய்து, என் விரல்தான் சரியான விரல் என்று நான் சாதித்தேன். நீ சிரிக்காமல் சொன்னாய்:

"எம்பட வெரலு சாமி குடுத்தது மாப்ள. உன்னுது சுத்தியல் குடுத்தது."

உன் தங்கச்சி அந்த மாதத்தில் அன்றுதான் சிரித்தாள்.

கொப்பரையைப் புதிதாக அடிக்க நாள் இல்லை. தொட்டிகளை வெளியே தள்ளி வைத்தோம். காரி சினைமாடு போல வயிறு தள்ளி நின்றாள். தொட்டி நகர்ந்ததால் ஆவி போகிற குழாயையும் வெட்டி, வளைத்து, மறுபடி இணைக்க வேண்டியதாயிற்று. வெங்காரமும் பித்தளைப் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைத்தவன் நான். அவசரம். வெளியே பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் போனோம். பக்கத்திலிருந்த அம்மாள் குழந்தைக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டாள். எம்பட மச்சானுக்குப் பொறந்ததுங்க, தண்ணி குடிச்சாத்தான் அழும் என்றேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பட்டறையில் பலகை போட்டு, பீப்பாய்ப் பட்டையைத் தண்டவாளமாக ஆணியடித்து, காரியை ஏற்றினோம். கொட்டாங்குச்சிக் கரி கனன்றது. தண்ணீர் கொதித்தது. மேஸ்திரியும் ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். நீ ஆவிக் குழாயின் திருகைத் திறந்தாய். காரி அசையவில்லை.

யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். எனக்குக் கோலார் கண்ணுக்குத் தெரிந்தது. நீ பதறவில்லை. திருப்புளியின் ஒரு முனையைக் காரிமேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டாய். கொப்பரையில் வைத்தாய், குழாயில் வைத்தாய், உருளையில் வைத்தாய்.

"மூச்சு இதுவரைக்கும் வருதுங்க. இதுக்கு அக்கட்டால போகல" என்றாய்.

தீயை இறக்கி, குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தாய். கம்பியால் குத்தித் தட்டினாய். உன் உள்ளங்கையில் கேழ்வரகு அளவுக்கு ஒரு பித்தளை மணி விழுந்தது. நான் ஊதியது உள்ளே உருகி அடைத்திருந்தது. நீ கையை மூடிக்கொண்டாய்.

"யாரு பத்த வெச்சது?" என்றார் மேஸ்திரி.

"நானுங்க" என்று நீ முந்திக்கொண்டாய்.

அவர் உன்னையும் பார்த்தார், என் சப்பை விரல்களையும் பார்த்தார். "பொங்கல் கழிஞ்சு வேலைக்கு வந்துரு. ஓட்டறவன் எனக்கு வேண்டாம், காது கேக்கறவன்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரி ஓடியதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. குழாயை மாட்டி மறுபடி தீயை ஏற்றி, நாம் இருவரும்தான் பார்த்தோம். பலகையின் கடைசிவரை ஓடி, உன் கைக்குள் வந்து விழுந்தாள்.

திரும்பி வரும்போது நீ எப்போது ஆரம்பிப்பாய் என்று காத்திருந்தேன். விரலைப் பற்றி நான் உன்னை அத்தனை கேலி செய்திருந்தேன். உன் முறை அது. நீ ஜவுளி எடுப்பதைப் பற்றியே பேசினாய். கடைசிவரை அந்தப் பட்டறையில்தான் வேலை செய்தாய், ஞாயிறு தவறாமல் இங்கே வந்து சாப்பிட்டாய், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு தடவை நானே, அன்றைக்கு அந்தக் குழாய் என்று ஆரம்பித்தேன்.

"காரி ஓடுனாளா இல்லியா?"

"ஓடுனா."

"அப்பறம் என்ன? ரசம் ஊத்து."

இப்போது கிண்டியோ கெண்டியோ, மூக்கு வைத்த பாத்திரம் எது செய்தாலும், வாயில் வைத்து ஊதிப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. வாங்க வருகிற பெண்கள் நாயனம் கற்றுக்கொள்கிறீர்களா என்று சிரிக்கிறார்கள். ஆமாம் அம்மணி, உன் கல்யாணத்துக்குத்தான் என்று நானும் சொல்கிறேன். சிரித்துவிட்டு, மறு முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வந்து கையில் பட்ட பிறகுதான் பாத்திரம் கை மாறும்.

உன் மாப்ள