மறைத்து வைத்த இடது கால்

போர்ட்டோ லிமோன்,
பெரிய சனிக்கிழமை

அன்பு மகள் லொரேட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். விரல் தப்பித்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

சாம்பல் புதனுக்கென்று வாங்கிய புது ஷூ என் இடது கால் சுண்டுவிரலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. சர்க்கரைக்காரி காலில் புண் லேசில் ஆறுமா? உன்னிடம் சொன்னால் சேர்ந்து மூன்று மாதமே ஆன வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறுவாய், ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் பரிசுத்த வாரத்தில் கோயிலில் இங்கிலீஷ் வேதபாடத்தை யார் வாசிப்பது? தடித்த காலுறையைப் போட்டு மூடிவிட்டேன். நீ போனில் கேட்டபோதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். லெந்து நோன்புக்கு இனிப்பை விட்டுவிட்டேன் என்றதும் பாதிதான் உண்மை. ஞாயிறு நோன்புக் கணக்கில் வராதல்லவா, ஆறு ஞாயிறும் ஒரு முழு பான்போன் இனிப்பு ரொட்டியை நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் நம் எபிஸ்கோபல் கோயிலில் குருவானவர் எட்டு மணி இங்கிலீஷ் ஆராதனையையும் பதினொரு மணி ஸ்பானிஷ் ஆராதனையையும் லெந்து முழுக்க ஒன்றாக்கிவிட்டார். பாட்டில் ஒரு சரணம் இங்கிலீஷில் நமக்கு, ஒரு சரணம் ஸ்பானிஷில் அவர்களுக்கு. நாங்கள் முழங்கினால் அவர்கள் அதற்கு மேல், கூரைத் தகரமே அதிர்ந்தது. அந்தப் பக்கத்துக்குத் தலைவி மீன்கடை எதெல்மிரா, பீடத்தில் பூ வைக்கிற விஷயத்தில் பதினொரு வருஷமாக என்னை முறைத்துக்கொண்டு திரிகிறவள். பெரிய வியாழனன்று அந்தப் பக்கத்தார் நம் பக்கத்தாருக்குக் கால் கழுவ வேண்டும் என்று குருத்தோலை ஞாயிறன்று சீட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் யார் கையில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறாய்? அவள் கையில்தான்.

நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, கால் கழுவுகிற ஆராதனைக்கு வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டுதான் வருவார்கள். நானும் வலது காலை மினுக்கிக்கொண்டு போய் அதை மட்டும் நீட்டினேன், ஒன்று போதும், நேரமாகிறது என்றேன். அவள் மண்டியிட்டபடியே, "ஆண்டவர் சீஷருக்கெல்லாம் ஒத்தக் காலையா கழுவினாரு? இடது காலையும் கொடுங்க மிஸ் இவலின்" என்றாள். சபையே சிரித்தது. காலுறையை அவளே உருவினாள். அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பில்லை. குரலைத் தாழ்த்தி, "மகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். பெரிய வியாழன், பீடத்துக்கு எதிரே, பச்சைப் பொய். "தெரியாதுன்னு உங்க மூஞ்சியே சொல்லுதே. எந்திரிங்க" என்று தன் தலைத்துணியை அவிழ்த்துக் காலில் சுற்றி, தன் மருமகனின் டாக்ஸியில் ஏற்றிவிட்டாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். அதைக் கேட்டு நான் அழவில்லை, அவள்தான் அழுதாள், அதைப் பார்க்கத் தாங்காமல் நானும் அழுதேன்.

இப்போது மருந்தும் கட்டுமாகக் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன். நாளை ஈஸ்டருக்கு என் இங்கிலீஷ் பாடத்தை எதெல்மிராதான் வாசிக்கப் போகிறாள். காலையிலிருந்து என் கட்டிலருகே உட்கார்ந்து பயிற்சி. அவள் இங்கிலீஷ் வாசிப்பதைக் கேட்டால் பவுல் அப்போஸ்தலர் தான் எழுதிய நிருபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார், ஆனாலும் அவள் விடுவதாயில்லை.

விமானச் சீட்டு வாங்கிவிடாதே. உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள், நம் குடும்பத்தில் அது யாரையும் விட்டதில்லை. ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. பின்பக்கத்தில் எதெல்மிராவின் எண்ணை எழுதியிருக்கிறேன். இனி நல்லாத்தான் இருக்கேன் என்று நான் சொன்னால், போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேள்.

இப்படிக்கு, இனிப் பொய் சொல்ல வழியில்லாத உன் அம்மா,
இவலின்