இரண்டாவது கேக்

அத்தாவின் செல்லத்துக்கு,

பேரனின் பிறந்தநாளுக்கு, "கேக் வாணாம்த்தா, நீங்க மட்டும் வாங்க" என்று போனில் சொன்னாய். அதிலிருந்து ஓவன் பக்கம் போகவே மனம் வரவில்லை.

சிதம்பரத்தில் உன் நிக்காஹ் நடந்த காலையில், கடலூரிலிருந்து நான் கொண்டுவந்த கேக்கின் கிரீம் புழுக்கத்தில் வியர்த்திருந்தது. "யாருக்குங்க தெரியப்போவுது, உக்காருங்க" என்றாள் உன் அம்மா. முப்பது வருடம் கேக் செய்தவனுக்கு அது காதில் ஏறவில்லை. வேறு செய்து எடுத்துவரக் கடலூரில் என் கடைக்கே திரும்பிப் போனேன். மகளைக் கையளிக்க வேண்டிய என் இடத்தில் உன் பெரியத்தா உட்கார்ந்தார். நான் மண்டபம் வந்தபோது, நீ மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வருகிறேன். அதற்குமுன், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது கேக்கும் வழியிலேயே வியர்த்துவிட்டது.

உன் அத்தா