வாயை மறைத்துப் படிக்கும் பாடம்

ஜூன் 4

காதில் கருவி வைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் காதுப் பயிற்சியாளர் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினார்: "முதலில் யார் குரலைக் கேட்க ஆசை?" வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்கும் பையனைப் போல, "என் மனைவி" என்றேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு.

இன்று கருவியை இயக்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒரு துண்டு, தலையில் காந்தத்தால் ஒட்டும் ஒரு வில்லை, உள்ளே செவிநரம்பைத் தூண்டும் மெல்லிய கம்பி. மனைவி ஏதோ சொன்னாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல இருந்தது. இதுவா அவள் குரல்?

ஜூன் 5

புதுக் கையெழுத்தைப் படிக்கப் பழகுவது போலத்தான் இது. எழுத்து தெரியும், கைதான் புதிது. வீட்டில் ஒருவர் தினமும் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். மறைக்காவிட்டால் நான் வழக்கம்போல் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன். அது காப்பியடிப்பது.

ஜூன் 9

முதல் நாள் அரைப் பக்கம் படித்தாள். அடுத்த நாள் நாலு வரி. இன்று தாளைக் கீழே வைத்துவிட்டாள். உதட்டில் படித்தேன்: "ஏழு வருஷமா உங்களுக்குக் கத்திக் கத்தியே என் தொண்டை போச்சுங்க. பக்கத்து வீட்டுல நாம தினமும் சண்டை போடுறோம்னே நினைச்சிட்டிருக்காங்க. இனிமே அந்த மெஷின் பாத்துக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கசக்கிறது.

ஜூன் 15

மகள் வந்தாள். "அம்மாவை ஏம்ப்பா படுத்துறீங்க?" என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். எதைக் கொடுத்தாலும் ஒரு பெண் குரல் படிக்கும்; நேரே கருவிக்குள் வந்துவிடும். எத்தனை முறை கேட்டாலும் "இப்பத்தானே சொன்னேன்" என்று அலுத்துக்கொள்ளாத குரல்.

ஜூலை 2

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு முழுப் பக்கம் புரிந்தது! சமையலறைக்கு ஓடினேன்.

"நல்லதாப் போச்சு. தள்ளுங்க, பால் பொங்குது."

ஜூலை 20

பரிசோதனை. பதிவு செய்த வாக்கியங்களில் நல்ல மதிப்பெண். மகள் கைதட்டினாள். பிறகு பயிற்சியாளர் வாயை மறைத்துக்கொண்டு தானே படித்தார். பாதி போயிற்று. மனைவியைப் படிக்கச் சொன்னார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

தாளை இறக்கிவிட்டுப் பயிற்சியாளர் சொன்னார்: "சார், நீங்க ஒரே வாத்தியார்கிட்டயே டியூஷன் படிச்சிட்டீங்க."

சிரித்தேன். புத்தகத்துக் கணக்கை எண்களோடு மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் எண் மாறியதும் முழிக்கும் பிள்ளைகளை கணக்கு வாத்தியாரான நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

"ஒண்ணும் கெட்டுப்போகலை. அம்மா தினமும் கொஞ்சம் படிச்சாப் போதும்" என்றார் பயிற்சியாளர்.

மனைவி தலையாட்டினாள்.

ஜூலை 21

படிக்கவில்லை.

ஜூலை 24

கேட்டேன். "நாளைக்கு" என்றாள். நான் என்ன பெரிசா கேட்டுட்டேன் — ஒரு பக்கம். பேப்பர்ல வர்ற விளம்பரம்னாலும் போதும்னுதானே சொல்றேன்?

ஆகஸ்ட் 6

மகள் இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டாள். மனைவி எந்த அறையிலிருந்து தன் போனில் செய்தி தட்டினாலும் அந்தப் பெண் குரல் எனக்குச் சொல்லிவிடும். "சாப்பிட வாங்க." "கதவைச் சாத்துங்க." தெளிவான உச்சரிப்பு. மனைவி முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எனக்கு ஒன்றுமே கேட்காதபோது, எதைச் சொல்வதானாலும் அவள் எழுந்து வந்து, தோளைத் தொட்டு, எதிரே நிற்க வேண்டியிருந்தது. இப்போது அதற்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 19

"எனக்கு மனசு சரியில்லை. சீக்கிரம் படுக்கிறேன்" என்றது அந்தப் பெண் குரல், ரயில் வருவதை அறிவிப்பது போல.

எழுந்து போனேன். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "என்னம்மா ஆச்சு?" என்றேன். திரும்பாமலே ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஓசை வந்தது, சொல் வரவில்லை. "புரியலைம்மா, இந்தப் பக்கம் திரும்பு" என்றேன். அவள் போனை எடுத்தாள். விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தட்டினாள்.

"ஒன்றுமில்லை" என்றது அந்தப் பெண் குரல்.

யாராவது இதைப் படித்தால்: உங்கள் வீட்டில் இந்தக் கருவி வைத்தவர் இருந்தால், ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு, கத்தாமல், அவருக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள்.