கேரியரைப் பிடித்த கை

மார்ச் 8, வெள்ளி

இன்று திருமயத்தில் மகளிர் தின விழா. எங்கள் ஊரில் முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் என்று என் சிநேகிதி வள்ளிக்குச் சால்வை போர்த்தினார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய போட்டோவைத் திரையில் காட்டினார்கள். அதில் அவள் சிரிக்கிறாள். பின்னால் கேரியரைப் பிடித்திருக்கும் கை மட்டும் என்னுடையது.

"செல்லம் பிடிச்சுக்கிட்டு ஓடி வரலைன்னா நான் கத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்" என்று மைக்கில் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்கிறாள், "நீ ஏன்டி அப்பவே கத்துக்கல?"

அந்தப் போட்டோ எடுத்த அன்று, அவளுக்கு அடுத்து ஓட்டும் முறை என்னுடையது. நான் கையை விட்டதும் போனவள், இருட்டிய பிறகுதான் வந்தாள். பயிற்சிக்கென்று வந்த ஒரே சைக்கிளை மறுநாள் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவளுக்கு அது நினைவே இல்லை.