சோதனைக்குப் பத்தாயிரம் டோங்

மார்ச் 4

இன்றும் ஒரு புரளி. ஏதோ நிறுவனம் ஆயிரம் பிட்காயினை விற்கப்போகிறதாம். தேடிப் பார்த்தால் தங்கள் பழைய வாலட்டிலிருந்து, அதாவது டிஜிட்டல் பணப்பையிலிருந்து, தங்கள் புது வாலட்டுக்கே மாற்றியிருக்கிறார்கள். இதில் செய்தி இல்லை என்று எங்கள் செய்தித்தளத்தின் ஆசிரியர் துயெட் அக்காவிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

மார்ச் 9

என்னோடு வேலை பார்த்த தோவான் உட்கார்ந்த இடத்தில் இப்போது பிரிண்டர். மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான், எரிச்சலாக வரும். அந்த எரிச்சல்கூட இப்போது வேண்டியிருக்கிறது.

மார்ச் 11

ஒரு பெரிய நிதி நிறுவனம் நாலாயிரம் பிட்காயினைச் சந்தையில் கொட்டிவிட்டதென்று ஊரே அலறுகிறது. எங்கள் தளத்தை விட்டபின் தோவான் வேலைக்குச் சேர்ந்த நிறுவனம் அது. அங்கே பணத்தை நகர்த்துவதே அவன் வேலை. முதலில் துளியூண்டு அனுப்பிப் பார்ப்பான். பிறகு ஹூ தியூ நூடுல்ஸ் சாப்பிடப் போவான். திரும்பி வந்துதான் மீதி. பிட்காயின் பரிமாற்றமெல்லாம் பொதுவில் பதிவாவதால் அந்த இடைவெளி எல்லாருக்கும் திரையில் தெரியும். அது அவன் சாப்பாட்டு நேரம் என்று எனக்கு மட்டும் தெரியும். சண்டை போட்டுப் பிரிந்தபின் எங்களுக்குள் மிஞ்சியது அவ்வளவுதான்.

இன்று சோதனைத் தொகை இல்லை. நாலாயிரமும் ஒரே வீச்சில். திருட்டா? இல்லை, அவனுக்கே ஏதாவது—

"ஊரே செய்தி போட்டாச்சுடி. நீ இன்னும் அரிசியில கல்லு பொறுக்கிட்டு இருக்க" என்றாள் அக்கா.

போய்ச் சேர்ந்த வாலட் யாருடையது என்று தெரியாமல் போட மாட்டேன் என்றேன்.

மார்ச் 12

பிட்காயினைப் பாதுகாத்து வைக்கும் புதிய காப்பக நிறுவனத்துக்கு மாற்றினோம் என்று நிறுவனம் பதில் தந்தது. பெற்றுக்கொண்ட காப்பகமும் அதை உறுதி செய்தது. விற்பனை இல்லை. அப்படியே போட்டோம். அக்கா ஐஸ் காபி வாங்கித் தந்தாள்.

தோவானைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஊரார் பணத்தையெல்லாம் சரிபார்க்கிறேன். ஒரு ஆள் நன்றாக இருக்கிறானா என்று கேட்க என்ன வீம்பு எனக்கு?

மார்ச் 13

தோவானைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தான். வேலையை விட்டுவிட்டு மலையூரான தா லாத்தில் அம்மாவோடு இருக்கிறானாம்.

"நான் அங்க இல்லன்னு யாரு சொன்னா?"

"சோதனை வரல."

"இன்னுமா அதைப் பாத்துக்கிட்டிருக்க?" என்றான்.

அழுகை வந்துவிட்டது. மழை பெய்கிறது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மார்ச்சில் சைகோனில் ஏது மழை. அவனுக்கும் தெரியும்.

மார்ச் 15

என் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் டோங். காபிக்குக்கூடக் காணாது. குறிப்பில் 'சோதனை' என்று போட்டிருந்தான்.

'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் 22

தோவான் வருவதாகச் சொன்ன தா லாத் பஸ் தாமதமாகத்தான் வந்தது. இளைத்திருக்கிறான். கையில் ஒரே ஒரு பை.

"மீதி எங்கே?" என்று கேட்டேன்.

"முதல்ல சாப்பிடலாம் வா" என்றான்.